கைபேசியில் மாற்றுவழி: ப்ராக்ஸி செயலியை நிறுவுவதும் கோளாறு நீக்குவதும்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2022 ஏப்ரல் 3ஆம் தேதி காலையில் இலங்கை மக்கள் எழுந்து பார்த்தபோது ஃபேஸ்புக் திறக்கவில்லை, வாட்ஸ்அப்பில் செய்தி போகவில்லை, யூடியூப் ஓடவில்லை. பொருளாதார நெருக்கடியைக் கண்டித்து ஊரெங்கும் போராட்டத்துக்கு அழைப்பு விடுக்கப்பட்டிருந்த நாள் அது. அன்றைக்கே தடை விலக்கப்பட்டது என்றாலும், அங்கே அது முதல் தடை அன்று. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் வன்முறை வெடித்தபோதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. ஒவ்வொரு முறையும் ஏராளமானோர் ஒரே வேலையைச் செய்தார்கள். பிளே ஸ்டோரைத் திறந்து, கண்ணில் பட்ட இலவச வி.பி.என். ஒன்றை இறக்கிக்கொண்டார்கள்.

அம்மா எங்கே இருக்கிறாள், தம்பி பத்திரமாக வீடு சேர்ந்தானா என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற நேரத்தில் அப்படிச் செய்யத்தான் தோன்றும். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த அவசரத்தில்தான் மனிதர்கள் ஏமாறுகிறார்கள். ஒரு செயலி ஓடவில்லை என்றால் அடுத்ததை இறக்குகிறோம். அதுவும் ஓடவில்லை என்றால், அது கேட்கிற அனுமதிகளையெல்லாம் கொடுத்துப் பார்க்கிறோம். கடைசியில் ஏதோ ஒன்று ஓடுகிறது. அது ஏன் ஓடியது, நம் போக்குவரத்து யார் கை வழியாகப் போகிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ப்ராக்ஸி செயலியில் கோளாறு பார்க்கத் தெரிவது கணினிக்காரர்களின் தனித்திறமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது நம் ஒவ்வொருவருடைய தற்காப்பு.

நடுவில் நிற்பவர் யார்?

ப்ராக்ஸி என்பது நமக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இன்னொரு கணினி. வி.பி.என். செயலியும் நம் போக்குவரத்தை இப்படி ஒரு நடுக்கணினி வழியாகவே அனுப்புகிறது. நாம் ஒரு தளத்தைக் கேட்டால், நம் போன் அந்தத் தளத்தை நேரே தொடாமல் நடுக்கணினியிடம் சொல்கிறது. அது போய் வாங்கிவந்து நம்மிடம் தருகிறது. நமக்கு இணையம் தரும் நிறுவனத்தின் பார்வையில் நாம் அந்த நடுக்கணினியோடு பேசுகிறோம், அவ்வளவுதான். தளத்தின் பார்வையில் வந்து கேட்டது அந்த நடுக்கணினி. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பவர் ஒருவர் உண்டு. நடுவில் நிற்பவர்.

இணைய நிறுவனத்தின் மேல் இருந்த நம்பிக்கையை எடுத்து வேறொருவர் கையில் கொடுக்கிறோம் என்று இதற்குப் பொருள். அந்த வேறொருவர் யார்? 2016இல் ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஆண்ட்ராய்டில் கிடைத்த 283 வி.பி.என். செயலிகளை ஆராய்ந்தார்கள். 38 விழுக்காட்டுச் செயலிகளில் தீங்கு நிரல் இருப்பதற்கான அடையாளம் தென்பட்டது. 18 விழுக்காடு, போக்குவரத்தை மறையாக்கம் செய்யாமலே அனுப்பின. பாதுகாப்புக்கென்று இறக்கிய செயலிகளின் நிலை இது.

பெரிய நிறுவனமாக இருந்தால் நம்பலாம் என்பீர்கள். ஃபேஸ்புக் 2013இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் வி.பி.என். செயலி, பயனரின் தரவைக் காப்பது என்று விளம்பரம் செய்யப்பட்டது. மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் அதன் வழியாகவே வணிக நோக்கத்துக்காகத் திரட்டப்பட்டது. இதை மறைத்து விளம்பரம் செய்ததற்காக, 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

மூன்று கை மாறும் வழி

நடுவில் நிற்கும் ஒருவருக்கே எல்லாம் தெரிந்துவிடுகிறதே, அதைத் தவிர்க்க முடியாதா என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் டோர். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவான கருத்து அது. ரோஜர் டிங்கிள்டைனும் நிக் மாத்யூசனும் அங்கிருந்த பால் சைவர்சனோடு சேர்ந்து அதை வளர்த்தார்கள். 2002இல் வலைப்பின்னல் இயங்கத் தொடங்கியது. 2006 முதல் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று அதைப் பராமரிக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் அந்த வலைப்பின்னலைப் பயன்படுத்தக் கார்டியன் ப்ராஜெக்ட் குழு எழுதிய செயலி ஆர்பாட். இலவசம், நிரல் திறந்த நிலையில் இருக்கிறது, ஐபோனுக்கும் உண்டு. இன்றைய பாடத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

டோரில் நம் போக்குவரத்து மூன்று கணினிகளைக் கடந்து போகிறது. மூன்றையும் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். முதல் கணினிக்கு நாம் யார் என்று தெரியும், எங்கே போகிறோம் என்று தெரியாது. மூன்றாவது கணினிக்குப் போகுமிடம் தெரியும், கேட்டவர் யார் என்று தெரியாது. நடுவில் இருப்பது அந்த இரண்டையும் ஒன்றையொன்று அறியாமல் பிரித்து வைக்கிறது. வழி நீள்வதால் வேகம் குறையும். பலர் முதலில் கோளாறு என்று நினைப்பது இந்த மந்தத்தைத்தான். அது கோளாறு இல்லை, இந்தப் பாதுகாப்புக்கு நாம் கொடுக்கும் விலை.

நிறுவும் முறை

முதலில், எங்கிருந்து இறக்குகிறோம் என்பது. பிளே ஸ்டோர், எஃப்-ட்ராய்டு என்ற செயலிக் களஞ்சியம், கார்டியன் ப்ராஜெக்டின் சொந்தத் தளம் ஆகியவை சரியான இடங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய ஏ.பி.கே. என்னும் நிறுவல் கோப்பை நிறுவவே கூடாது. தடை வருகிற நாளில்தான் போலிக் கோப்புகளும் அதிகம் சுற்றும். நிறுவும் முன் அந்தச் செயலியை வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள்.

திறந்து இணைக்கச் சொன்னதும், வி.பி.என். இணைப்பு ஏற்படுத்த அனுமதி வேண்டும் என்று ஆண்ட்ராய்டு ஒரு முறை கேட்கும். இந்த அனுமதி தேவையானது. இதைத் தாண்டித் தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி, கேமரா என்று ஒரு ப்ராக்ஸி செயலி கேட்டால் அப்போதே நீக்கிவிடுங்கள். இணைந்ததும் திரையின் மேற்பட்டையில் சிறிய சாவிச் சின்னம் தெரியும். அது தெரிந்தால் போக்குவரத்து வி.பி.என். வழியாகத் திருப்பப்படுகிறது என்று அர்த்தம்.

அடுத்து, எந்தெந்தச் செயலி இந்த வழியாகப் போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஆர்பாட்டில் இருக்கிறது. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அனுப்பாதீர்கள். வங்கிச் செயலி, யு.பி.ஐ. செயலி இரண்டையும் விலக்கி வையுங்கள். நேற்றுவரை மதுரையிலிருந்து வந்த நீங்கள் இன்று ஜெர்மனியிலிருந்து உள்ளே நுழைவதாக வங்கிக்குத் தெரியும். ஐயத்தில் கணக்கை நிறுத்தி வைத்தால் அதைத் தவறு சொல்ல முடியாது. பிரவுசரையும், தடைபட்ட செயலியையும் மட்டும் சேர்த்தால் போதும்.

பிறகு சோதியுங்கள். டோர் ப்ராஜெக்ட் இதற்கென்றே ஒரு சோதனைப் பக்கம் வைத்திருக்கிறது. பிரவுசரில் அதைத் திறந்தால் நாம் டோர் வழியாக வருகிறோமா இல்லையா என்று நேரடியாகச் சொல்லும். சாவிச் சின்னம் மட்டும் போதுமான சாட்சி ஆகாது, ஏனென்றால் பட்டியலில் பிரவுசரைச் சேர்க்க மறந்திருந்தாலும் அந்தச் சின்னம் தெரியும்.

ஒரே ஒரு செயலிக்கு மட்டும் வழி வேண்டும் என்றால் முழு வி.பி.என். தேவையில்லை. டெலிகிராமின் செட்டிங்ஸில் தரவுப் பகுதிக்குள் ப்ராக்ஸி என்ற இடம் இருக்கிறது. ஆர்பாட் ஓடும்போது அங்கே சாக்ஸ்5 என்பதைத் தேர்ந்து, முகவரி 127.0.0.1, போர்ட் 9050 என்று கொடுத்தால் டெலிகிராம் மட்டும் டோர் வழியாகப் போகும். 127.0.0.1 என்பது நம் போனே. நம் போனுக்குள் ஓடும் ஆர்பாட் 9050ஆம் வாசலில் காத்திருக்கிறது. வாட்ஸ்அப் 2023 ஜனவரியில் இதே போன்ற ப்ராக்ஸி வசதியைக் கொண்டுவந்தது. அதில் தன்னார்வலர் யாராவது நடத்தும் ப்ராக்ஸியின் முகவரியைக் கொடுக்க வேண்டும். அவருக்கு நம் ஐ.பி. முகவரி தெரியும். செய்தியின் உள்ளடக்கம் இரு முனைகளுக்கிடையே மறையாக்கப்பட்டிருப்பதால் அவரால் அதைப் படிக்க முடியாது.

எங்கே அடைத்துக்கொண்டது?

இப்போது உரையின் மையப் பகுதிக்கு வருகிறேன். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அனுபவமுள்ள விவசாயி என்ன செய்கிறார்? மண்வெட்டியை எடுத்துக் கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. தன் வாய்மடையைப் பார்க்கிறார், கிளை வாய்க்காலைப் பார்க்கிறார், அப்படியே மதகுவரை நடக்கிறார். அந்த வரிசையில்தான் நாமும் நடக்க வேண்டும்.

முதல் கேள்வி: ப்ராக்ஸி இல்லாமல் இணையம் இருக்கிறதா? செயலியை நிறுத்திவிட்டு, தடைபடாத ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் இணையமே இல்லை, எந்தப் ப்ராக்ஸியும் உதவாது. 2023 மே மாதத்தில் மணிப்பூரில் மொபைல் இணையம் முழுதாக நிறுத்தப்பட்டபோது நேர்ந்தது இதுதான். சில தளங்களைத் தடுப்பது வேறு, கம்பியையே அறுப்பது வேறு. ப்ராக்ஸி முதலாவதற்கு மட்டும் மருந்து.

இரண்டாவது, கடிகாரம். இதை யாரும் சந்தேகிப்பதில்லை. டோர் வலைப்பின்னலில் இப்போது எந்தெந்தக் கணினிகள் இயங்குகின்றன என்ற பட்டியல் ஒவ்வொரு மணிக்கும் வெளியாகிறது. ஒரு பட்டியல் செல்லுபடியாவது மூன்று மணி நேரத்துக்குத்தான். நம் போனின் தேதி தவறாக இருந்தால் புதிய பட்டியலும் அதற்குக் காலாவதியானதாகத் தோன்றும். ஒரு பள்ளி மாணவனின் போனில் இதை நேரில் பார்த்தேன். விளையாட்டுச் செயலியில் உயிர்கள் தீர்ந்துவிட்டால் தேதியை முன்னே தள்ளினால் புதிய உயிர்கள் கிடைக்கும் என்று அவன் தேதியைச் சில நாள்கள் தள்ளி வைத்திருந்தான். திருப்பி வைக்க மறந்துவிட்டான். ஆர்பாட் பாதியில் நின்றது. தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் தானியங்கிக்கு மாற்றியதும் இணைந்தது. எனவே வேறு எதையும் தொடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, விழுக்காடு. இணையும்போது 0 முதல் 100 வரை எண் ஏறும். அது அலங்காரத்துக்கு அன்று, எங்கே நிற்கிறோம் என்பதற்கு அடையாளம். 10ஐத் தாண்டாமல் நின்றால், வலைப்பின்னலின் முதல் கணினியோடு இணைப்பையே முடிக்க முடியவில்லை. டோர் தடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது கல்லூரி, அலுவலக வைஃபை அதை அனுமதிக்கவில்லை. மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். 25க்கும் 40க்கும் நடுவில் நின்றால் பெரும்பாலும் கடிகாரம், அல்லது பட்டியல் இறங்க முடியாத பலவீனமான சிக்னல். 50க்கு மேல் மெல்ல நகர்ந்தால் பொறுத்திருங்கள், அது விவரங்களை இறக்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் நிறுத்தி நிறுத்தித் தொடங்கினால் தாமதம்தான் கூடும்.

நான்காவது, பாலங்கள். டோரின் வழக்கமான கணினிகளின் பட்டியல் பொதுவில் இருப்பதால் அரசுகளால் அவற்றை எளிதில் தடுக்க முடியும். ரஷ்யா 2021 டிசம்பரில் அப்படித் தடுக்கத் தொடங்கியது. அதற்காக, பட்டியலில் வராத நுழைவுக் கணினிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவைதான் பாலங்கள். ஆர்பாட்டிலேயே பாலம் கேட்டுப் பெறலாம். ஜிமெயில் முகவரியிலிருந்து டோர் ப்ராஜெக்டுக்கு மின்னஞ்சல் அனுப்பியும் பெறலாம். ஸ்னோஃப்ளேக் என்ற இன்னொரு வகை உண்டு. சாதாரண மக்கள் தங்கள் பிரவுசரில் ஒரு சிறு நீட்சியை நிறுவி, தடையுள்ள நாட்டில் இருப்பவருக்குத் தற்காலிகப் பாலமாகிறார்கள். இணைப்பு காணொளி அழைப்பின் தொழில்நுட்பத்திலேயே போகிறது.

2022 செப்டம்பரில் மாசா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்தபின் ஈரான் கொந்தளித்தது. இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. ஸ்னோஃப்ளேக்கைப் பயன்படுத்தியவர்கள் மளமளவென்று பெருகினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை திடீரென்று சரிந்தது. காரணத்தைத் தேடியபோது தெரிந்தது இது: இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியின் வடிவம் சாதாரண பிரவுசர் அனுப்பும் வடிவத்திலிருந்து சற்று வேறுபட்டிருந்தது. அந்த வேறுபாட்டை அடையாளமாகக் கொண்டு தணிக்கையாளர்கள் தடுத்திருந்தார்கள். பிரவுசரைப் போலவே பேசும்படி நிரலாளர்கள் நிரலைத் திருத்தி வெளியிட்டார்கள், இணைப்பு திரும்பியது. யாருக்கு? செயலியைப் புதுப்பித்தவர்களுக்கு. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு, இது இனி ஓடாது என்று கைவிட்டவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை. பாலம் ஓடவில்லை என்றால் முதலில் பதிப்பைப் புதுப்பியுங்கள், பிறகு பாலத்தின் வகையை மாற்றுங்கள். அதற்குள் வேறு செயலியைத் தேடிப் போகாதீர்கள்.

இணைந்தபின் வரும் சிக்கல்கள்

100ஐத் தொட்டுவிட்டது, ஆனால் வாட்ஸ்அப் அழைப்பு போகவில்லை என்கிறார்கள். டோர் டி.சி.பி. வகைப் போக்குவரத்தை மட்டுமே சுமக்கும். குரல், காணொளி அழைப்புகள் பெரும்பாலும் யு.டி.பி. வகை. செய்தி போகும், அழைப்பு போகாது. இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால், நெருக்கடியில் வீணாகப் போராடாமல் குரல்பதிவாக அனுப்பிவிடலாம்.

திரை அணைந்து சிறிது நேரத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது என்பது அடுத்த புகார். பின்னணியில் ஓடும் செயலிகளைப் பேட்டரி சேமிப்புக்காகப் போன் நிறுத்திவிடுகிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடில்லை என்று மாற்றுங்கள். சில நிறுவனப் போன்களில் தானாகத் தொடங்கும் அனுமதியையும் தனியாகக் கொடுக்க வேண்டும். இது வெறும் வசதிக் குறைவு என்று நினைக்காதீர்கள். வி.பி.என். அறுந்த நொடியில் செயலிகள் நேர்வழியில் பேசத் தொடங்கிவிடும், நமக்குத் தெரியாமலே.

அதைத் தடுக்கவும் ஆண்ட்ராய்டில் வழி உண்டு. வி.பி.என். பக்கத்தில், எப்போதும் இயக்கு என்ற பொத்தானும், வி.பி.என். இல்லாத இணைப்புகளைத் தடு என்ற பொத்தானும் இருக்கின்றன. இரண்டாவதை இயக்கினால் வி.பி.என். அறுந்ததும் இணையமே நின்றுவிடும். நல்ல காவல்தான். ஆனால் இயக்கியதை மறந்துவிட்டால், போனில் இணையம் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரும். நாம் விலக்கி வைத்த வங்கிச் செயலிக்கும் அப்போது இணையம் கிடைக்காது. இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரு வி.பி.என்.தான் இயங்கும். விளம்பரத் தடுப்புச் செயலிகள் சிலவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆர்பாட் தொடங்க மறுத்தால் அந்த இடத்தில் வேறு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

வைஃபை செட்டிங்ஸிலேயே ப்ராக்ஸி முகவரி கொடுக்கும் பழைய முறையும் உண்டு. அது அந்த ஒரு வைஃபைக்கு மட்டுமே செல்லும், மொபைல் டேட்டாவுக்குச் செல்லாது. பிரவுசர் அதை மதிக்கும், பல செயலிகள் மதிக்காது. ப்ராக்ஸியை நிறுத்தியபின் அந்த முகவரியை அழிக்காவிட்டால், வீட்டு வைஃபையில் மட்டும் எந்தப் பக்கமும் திறக்காது, டேட்டாவில் எல்லாம் திறக்கும். இந்த அறிகுறியைக் கண்டால் நேரே அங்கே போங்கள்.

எது முடியாது, எது கூடாது

டோர் நம் இருப்பிடத்தை மறைக்கும், நம் பெயரை மறைக்காது. கூகுள் கணக்கில் நுழைந்தால் நுழைந்தது யார் என்று கூகுளுக்குத் தெரியும். மூன்றாவது கணினியை நடத்துபவர், மறையாக்கம் இல்லாத போக்குவரத்தை அப்படியே படிக்க முடியும். 2007இல் டான் எகெர்ஸ்டாட் என்ற ஸ்வீடன் நாட்டவர் அப்படிப்பட்ட கணினிகளை நடத்தி, பல நாட்டுத் தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்களைத் திரட்டிக் காட்டினார். இந்தியத் தூதரகங்களும் அதில் இருந்தன. டோர் இருக்கிறதே என்று நம்பி, பூட்டில்லாத வழியில் கடவுச்சொல்லை அனுப்பியதன் விளைவு அது. முகவரியின் தொடக்கத்தில் ஹெச்.டி.டி.பி.எஸ். இல்லாத பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவதே குற்றம் என்று பொதுச் சட்டம் இல்லை. ஆனால் ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் அதைத் தடை செய்து உத்தரவுகள் வந்திருக்கின்றன. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. மறுபக்கம், இணையத்தின் வழியான கருத்துரிமை அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்றும், காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10ஆம் தேதி அனுராதா பாசின் வழக்கில் சொல்லியிருக்கிறது. நாம் இருக்கும் ஊரில் என்ன உத்தரவு நடப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செயல்படுவது குடிமகனின் பொறுப்பு. வெளிநாடு போகிறவர்கள் அந்த நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, தடை வருகிற நாளில் தடைபட்ட வழியைத் திறக்கும் செயலியை இறக்கும் பக்கமே திறக்காமல் போகலாம். அதனால் இந்த வாரமே, எந்த அவசரமும் இல்லாத ஒரு மாலைப் பொழுதில் இதை நிறுவுங்கள். எந்தச் செயலிகள் இதன் வழியாகப் போகவேண்டும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒரு பாலத்தைப் பெற்று வையுங்கள். ஒரு முறை வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி இணைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும், அங்கே வேலை பார்க்கும் உறவினருக்கும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டு இணைப்பு தடையில்லாதது என்றால், பிரவுசரில் ஸ்னோஃப்ளேக் நீட்சியை நிறுவி முன்பின் தெரியாத ஒருவருக்குப் பாலமாக இருங்கள். தன் வீட்டாரின் நலம் விசாரிக்க வழி தேடும் ஒருவருக்கு அது போதும்.

உரை முடிந்ததும் நான் இங்கேயே இருக்கிறேன். போனோடு வாருங்கள், கடிகாரத்திலிருந்து தொடங்குவோம்.